நிலமும் சொல்லும்: ரெட்டரிக்கின் பிறப்புக் கதை

ரெட்டரிக் என்றதும் நம்ம ஆட்கள் 'அணியிலக்கணம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், ஏதோ சொல்லுக்கு நகை பூட்டுகிற வேலை மாதிரி. கிரேக்கர்கள் சொல்லிவைத்த பிறப்புக் கதையோ நிலத் தகராறில் தொடங்குகிறது. சிசிலியின் சிரக்யூஸில் கெலோன், ஹியரோன் என்று அடுத்தடுத்து வந்த கொடுங்கோலர்கள் ஊர் ஊராக மக்களைப் பெயர்த்தார்கள். கூலிப்படைக்குக் குடியுரிமை கொடுத்தார்கள். கி.மு. 466 வாக்கில் அந்த ஆட்சி விழுந்தது. இத்தனை வருஷம் கழித்து யார் சொத்து யாருடையது என்று எதைக் கொண்டு நிரூபிப்பது? இப்படித்தான் நடந்திருக்கக்கூடும் என்று மன்றத்தில் பேசிக் காட்ட வேண்டும். அதற்கு முறை வகுத்தவர்கள் கொராக்ஸும் டிசியாஸும் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாக சிசரோ எழுதுகிறார்.

கதை முழுக்க உண்மையா என்பது வேறு விஷயம். கொராக்ஸ் என்றால் காக்கை. அது டிசியாஸின் பட்டப்பெயராகவே இருக்கலாம் என்று தாமஸ் கோல் 1991இல் வாதிட்டார். 'ரெட்டோரிகே' என்ற சொல்லே பிளேட்டோ உண்டாக்கியது என்பது எட்வர்ட் ஷியாப்பாவின் வாதம். அவர் சொல்வது சரியென்றால், பெயர் வைத்தவனே எதிரி. 'கோர்கியாஸ்' உரையாடலில் அதைச் சமையலோடு சேர்த்து முகஸ்துதி என்று தள்ளிவிடுகிறார் பிளேட்டோ. (சமையலைக் கீழே தள்ளும்போது யாருடைய உழைப்பு கீழே போகிறது என்பதையும் கவனிக்கலாம்.)

ஏன் இந்த ஆத்திரம்? கி.மு. 427இல் லியோந்தினியின் தூதராக ஏதென்ஸ் வந்த கோர்கியாஸ், உடம்புக்கு மருந்து எப்படியோ மனசுக்குச் சொல் அப்படி என்றவர். மருந்துக்கும் விஷத்துக்கும் அங்கே ஒரே சொல், ஃபார்மகோன். ஏதென்ஸ் மன்றங்களில் 201, 501 என்று நடுவர்கள். குலுக்கலில் வந்த சாதாரண ஆட்கள். இவர்களைப் பேசி இணங்கவைப்பதுதான் அரசியல் என்பது உயர்குடிக்குக் கசந்தது. அப்படியொரு மன்றம்தான் கி.மு. 399இல் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்தது என்பதால், பிளேட்டோவின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன்.

அதுக்காகப் பேச்சுக்கலைஞர்களைத் தோளில் தூக்கிக்கொள்ளவும் முடியாது. லிசியாஸை எடுத்துக்கொள்ளுங்கள். சிரக்யூஸிலிருந்து வந்த கெஃபலோஸின் மகன்; ஏதென்ஸில் குடியுரிமை இல்லாத குடியேறி. வழக்காடுகிறவன் தானே பேச வேண்டும் என்பது வழக்கம். லிசியாஸ் எழுதிக்கொடுப்பார், அவன் மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பான். மக்களவையில் வாய் திறக்க உரிமையில்லாதவர் குடிமக்களின் வாய்க்குச் சொல் கொடுத்தார். முப்பதுபேர் ஆட்சி கி.மு. 404இல் அவருடைய அண்ணனை விசாரணையில்லாமல் கொன்றது. எரடோஸ்தனீஸுக்கு எதிரான உரை அந்தச் சாவுக்கு நியாயம் கேட்கிறது. அதே உரையில் பறிபோன சொத்துக் கணக்கும் வருகிறது: 700 கேடயங்கள், பொன், வெள்ளி, 120 அடிமைகள்.

அந்த 120 பேரில் ஒருத்தருக்காவது மன்றத்தில் சொல் உண்டா? அடிமையின் சாட்சியம் சித்திரவதை செய்து வாங்கினால்தான் செல்லும் என்பது ஏதென்ஸ் விதி. இதைவிட நம்பகமான சாட்சியம் இல்லை என்று பேச்சாளர்கள் புகழவும் செய்கிறார்கள். ஆனால் கிடைத்திருக்கும் உரைகளில் வதை நடந்ததாக வருவது மிக அரிது. சவால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. என் அடிமையைத் தருகிறேன், வதைத்துக் கேட்டுக்கொள் என்பது. எதிராளி மறுத்ததும் நடுவர்கள் பக்கம் திரும்பி, பாருங்கள், உண்மைக்குப் பயப்படுகிறான் என்பது.