மூன்று தீபாவளியும் 11,000 அடியும்

'ஹரிதாஸ் மூணு தீபாவளி பாத்த படம்' என்பது தாத்தா சொல்லி, அப்பா சொல்லி என்னிடம் வந்து சேர்ந்த வாக்கியம். தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கியவர். கல்மண்டபத்திலிருந்து பிராட்வே தியேட்டருக்கு நடந்தே போய் எத்தனை முறை அந்தப் படத்தைப் பார்த்தார் என்பதற்கு அவரிடமே கணக்கில்லை. அவருக்கு அது படம். எனக்கு வந்து சேர்ந்தது துணுக்கு.

சினிமாத் துணுக்கு என்றாலே தீவிர இலக்கியக்காரர்களாகிய நமக்கு ஒரு முகச்சுளிப்பு. யாருக்கு வேணும் இதெல்லாம் என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். ஆனால் வெகுஜன நினைவு வரலாற்றைப் பெரும்பாலும் துணுக்குகளாகத்தான் சேமித்து வைத்திருக்கிறது. எதைச் சொல்கிறது என்பதோடு எதை விழுங்குகிறது என்றும் பார்த்தால் துணுக்கும் ஒரு பிரதிதான்.

எல்லோருக்கும் தெரிந்தவை இவை: 1944 அக்டோபர் 16, தீபாவளியன்று 'ஹரிதாஸ்' வெளியானது. இயக்கியவர் சுந்தர் ராவ் நட்கர்னி, வசனம் இளங்கோவன், பாட்டு பாபநாசம் சிவன். சாருகேசியில் அமைந்த அந்தப் பாட்டில் டி.ஆர். ராஜகுமாரி ஒரு பறக்கும் முத்தம் கொடுப்பார். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதாநாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர் சிறைக்குப் போனார். படம் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? 'பாகவதர் குரல், வேற என்ன?' என்கிறது துணுக்கு. அங்கேயே கதையை மூடியும் விடுகிறது.

அது விழுங்கிய சங்கதி ஒன்று உண்டு, யுத்தம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானது. 1943 அக்டோபரில் ஒரு விமானம் வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டும் விட்டது. படச்சுருள் அன்று இந்தியாவில் தயாராகவில்லை, கப்பலில்தான் வரவேண்டும். கப்பலில் இடம் ராணுவத்துக்கே போதவில்லை. 1942இல் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. அடுத்த ஆண்டு படச்சுருளுக்கே லைசென்ஸ் வந்தது. நிமிஷத்துக்கு 90 அடி என்று கணக்குப் போட்டால் 11,000 அடி என்பது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். மூன்று மணி நேரம் கச்சேரி கேட்டுப் பழகிய தமிழ் சினிமாவுக்கு இது கழுத்தில் கத்தி. ஹாலிவுட்டுக்கும் நெருக்கடி இருந்தது. 1942இல் அங்கே ஒரு படத்துக்குப் புது செட் சாமான் 5,000 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்றார்கள். அவர்களுக்கு மரமும் ஆணியும் குறைந்தன. நமக்கோ நேரமே குறைந்தது.

அந்தக் கத்தி 'ஹரிதாஸு'க்கு நல்லது செய்தது என்பது என் வாசிப்பு. பெற்றோரை விரட்டிவிட்டு தாசி வீடே கதி என்று கிடந்தவன் காலிழந்து, திருந்தி, கடவுளே வந்து நின்றாலும் தாய் தகப்பன் பணிவிடை முடியட்டும் என்று காக்க வைக்கிறான். 1930களின் படமாக இருந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் நாலு கீர்த்தனை நின்றிருக்கும். இங்கே கதை ஓடுகிறது. காலனிய சர்க்கார் தமிழ் சினிமாவுக்கு எடிட்டர் வேலை பார்த்திருக்கிறது, சம்பளமில்லாமல்!

சுருள் பஞ்சத்தால் புதுப்படங்கள் குறைந்தன, ஓடுகிற படத்தை எடுக்க வேண்டிய அவசரம் தியேட்டருக்கு இல்லை. ஆனால் அதனால் மட்டுமே மூன்று தீபாவளி என்றால் அதுவும் இன்னொரு துணுக்காகிவிடும். அதே பஞ்சத்தில் வந்த மற்ற படங்கள் இப்படி ஓடவில்லையே. குரலும் உண்டு, பஞ்சமும் உண்டு. இன்னொன்றும் உண்டு.

அதுதான் லட்சுமிகாந்தன். 'சினிமா தூது' என்ற பத்திரிகையில் நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதியவர். எழுதாமலிருக்கப் பணம் வாங்கினார் என்பார்கள். இன்றைய 'திரைக்குப் பின்னால்' பக்கங்களின் தாத்தா என்று இவரைச் சொல்லலாம். கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் ஸ்ரீராமுலு நாயுடுவும் மனுக்கொடுத்தார்கள். பத்திரிகையின் லைசென்ஸ் போனது. மனுஷர் விடவில்லை, 'இந்து நேச'னில் தொடர்ந்தார். படச்சுருளுக்கு லைசென்ஸ் போட்ட சர்க்காரின் கதவைத்தான் நட்சத்திரங்கள் வதந்திக்கு எதிராகவும் தட்டினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 'ஹரிதாஸ்' வெளியான 23ஆம் நாள், நவம்பர் 8 அன்று, வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போன லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945இல் தண்டனை, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947 ஏப்ரலில் விடுதலை. ஸ்ரீராமுலு நாயுடு முதலிலேயே விடுவிக்கப்பட்டிருந்தார்.

ஆக, அந்த இரண்டு வருஷம் பிராட்வேயில் உட்கார்ந்திருந்த ஜனம் திரையில் தண்டிக்கப்படுகிற ஹரிதாஸையும் சிறையில் இருக்கிற பாகவதரையும் சேர்த்தே பார்த்திருக்கும். நடிகனின் அந்தரங்கத்தை விற்ற துணுக்கு அவனை ஜெயிலுக்கு இழுத்தது. ஜெயில் படத்துக்கு இன்னொரு அர்த்தம் ஏற்றியது. இந்தப் பிரதியை இளங்கோவனா எழுதினார்?

பெண்கள் விஷயத்தில் துணுக்கின் கஞ்சத்தனம் இன்னும் மோசம். ராஜகுமாரிக்கு ஒரு முத்தம் மிஞ்சியது. மனைவியாக நடித்த என்.சி. வசந்தகோகிலம் கச்சேரி மேடையில் பேர் வாங்கிய பாடகி, 1951இல் இறந்துபோனார். அவருக்கு அதுவும் இல்லை. பத்தினி பற்றிக் கிசுகிசு எழுத முடியாது, அதனால் நினைவும் இல்லை.

1943 முதல் எல்லாத் தியேட்டரிலும் சர்க்காரின் யுத்தச் செய்திப்படத்தைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று விதி இருந்தது. ஹரிதாஸோடும் அது ஓடியிருக்கும். எந்தத் துணுக்கிலும் இது கிடையாது. அப்பாவிடம் கேட்டேன், தாத்தா இதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று. சொன்னாராம்: 'மொதல்ல சண்டப் படம் போடுவான். அது முடியறவரிக்கும் நாங்க வெளிய பீடி பத்த வச்சிக்கினு நிப்போம். பாகவதர் கொரல் கேட்டப்பறம்தான் உள்ள போவோம்.'