பிறர் சொல்லிற் பேசும் பண்பு

தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், தேயிலைச் சரிவுகளுக்கு இடையே சற்றுத் தட்டையாக அமைந்த ஊர் அது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியை ஆய்ந்து சென்றார். 1929இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்றது. கொழுந்து பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே வேரூன்றின. முருகனுக்குக் காவடி எடுப்போரும், மாரியம்மனுக்குக் கூழ் வார்ப்போரும், தேவாலயம் செல்வோரும், பள்ளிவாசல் செல்வோரும், புத்தரை வணங்குவோரும் இம்மலையில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இத்தகைய ஊரில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் மணிமேகலையின் இருபத்தேழாம் காதையை எடுத்து நடத்தும்போது, அது பழங்கதையாக நின்றுவிடுவதில்லை. வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் வீட்டுச் செய்தியாகவே அது மாறிவிடுகிறது.

சமயங்கள் எதிரெதிர் இருந்து பேசுவது தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், மணிமேகலை வஞ்சி மாநகரிலே அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகப் பலரையும் கண்டு, அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். சாத்தனார் பௌத்தர். ஆயினும் அளவைவாதி கூறும் அளவைகளைச் சுருக்காது எடுத்துரைக்கிறார். பிற சமயத்தார் தம் கொள்கையைத் தாமே சொல்ல இடந்தந்தது இக்காப்பியத்தின் பெருமை. குறையும் உண்டு. வைணவவாதிக்குக் கிடைத்தவை ஓரிரு அடிகளே. பூதவாதி பேசி முடித்ததும் மணிமேகலை நகைக்கிறாள். கேட்டல் இருக்கிறது, ஆனால் எல்லாரையும் ஒரே அளவாகக் கேட்டல் இல்லை.

நீலகேசி இதனினும் வேறானது. அதன் தலைவி வாதிட்டு வெல்வதற்கென்றே ஊர் ஊராகச் செல்கிறாள். சமண நூலாகிய அது, குண்டலகேசி என்னும் பௌத்த நூலுக்கு மறுப்பாக எழுந்தது. காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்! குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை; அதன் பாடல்கள் சில, நீலகேசிக்குச் சமயதிவாகர வாமன முனிவர் வரைந்த உரையின் வாயிலாகவும் நமக்குக் கிடைத்தன. மறுக்கப் புகுந்தவன் மாற்றான் சொல்லைச் சிதைக்காது எடுத்து வைத்தமையால் தோற்றவன் சொல்லும் பிழைத்தது. பிறர் கருத்தை உள்ளவாறு எடுத்து மொழிதல் வாதத்திற்கும் அடிப்படை அறமாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்விரு நூல்களையும் மனத்திற் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த ஒரு மடல் உரையாடலை ஈண்டு நோக்குவோம். அதன் ஒரு முனையில் இருந்தவர் பஹாய் சமயத்தைத் தோற்றுவித்த பஹாவுல்லா (1817-1892). மறுமுனையில் இருந்தவர் இந்தியாவில் பிறந்த பார்சி சமயத்தவரான மானேக்ஜி லிம்ஜி ஹத்தாரியா. பாரசீகத்தில் ஒடுக்கப்பட்டுக் கிடந்த சொராஸ்திரிய மக்களுக்குத் துணைபுரிய, பம்பாய்ப் பார்சிகள் 1854இல் இவரை அனுப்பிவைத்தனர். வழியில் பாக்தாதில் இவர் பஹாவுல்லாவைச் சந்தித்தார். பின்னர்ப் பஹாவுல்லா அக்கா நகரில் சிறைவைக்கப்பட்டிருந்த காலத்தில், இவருடைய வினாக்கள் மடலாகச் சென்றன. அவற்றை எழுதி அனுப்பியவர் இவரிடம் செயலாளராகப் பணியாற்றிய மீர்சா அபுல் ஃபத்ல். இசுலாமியக் கல்வியிற் சிறந்து விளங்கிப் பின்னர்ப் பஹாய் ஆனவர்.

மானேக்ஜி ஒரு வேண்டுகோள் விடுத்தார். விடை அரபுச் சொற்கள் கலவாத தூய பாரசீகத்தில் அமைய வேண்டும் என்பதே அது. தமிழர்க்கு இவ்வேண்டுகோளின் பொருள் எளிதில் விளங்கும். தனித்தமிழ் இயக்கம் கண்டவர் அல்லவா நாம்? அரபு, வென்றவர் சமயத்தின் மொழி. பழம் பாரசீகச் சொற்கள், தோற்றவர் தம் முன்னோரை நினைக்கும் மொழி. பஹாவுல்லா அரபும் பாரசீகமும் கலந்து எழுதும் பழக்கமுடையவர். ஆயினும் கேட்டவர் விரும்பியவாறே தூய பாரசீகத்தில் விடை எழுதினார். உலகத்தின் நாடியைப் பிடித்து நோயறியும் மருத்துவன் என்னும் உவமை அம்மடலில் வருகிறது. காலந்தோறும் நோய் வேறாதலின் மருந்தும் வேறாம் என்பது அதன் கருத்து. நோயையும் அதன் முதலையும் நாடிய பின்னரே மருத்துவம் என்னும் வள்ளுவர் நெறியைக் கற்ற மாணவர்க்கு இவ்வுவமை அயலதாகத் தோன்றாது.

மரியாதையின் முதற்படி இதுவே. பிறரிடம் பேசப் புகுவோன் தன் கருத்தைக் கைவிட வேண்டுவதில்லை. தன் சொற்பழக்கத்தைச் சிறிது விட்டுக்கொடுக்க வேண்டும். நம் இலக்கியமும் இந்நெறியை அறியும். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்கையில் தமிழ் மருதத்தின் வளத்தையே காட்டினார். குணங்குடி மஸ்தான் சாகிபு சித்தர் நெறிச் சொற்களில் தம் சூஃபி உள்ளத்தைத் திறந்தார். சொல்லைக் கடன் வாங்கியதனால் அவர்தம் சமயம் குறைந்துவிடவில்லை. கேட்போர் கூட்டமே பெருகிற்று.

முதல் மடல் மானேக்ஜிக்கு நிறைவளிக்கவில்லை. தம் வினாக்களுக்கு ஒவ்வொன்றாக விடை வரவில்லை என்று அவர் கருதினார். ஆகவே 1882இல் அபுல் ஃபத்லுக்கு எழுதப்பெற்ற மற்றொரு மடலில், அவ்வினாக்கள் ஒவ்வொன்றும் எடுத்துரைக்கப்பட்டு விடை கூறப்பட்டன. கேட்டவன் மனநிறைவு பெறாதபோது சினவாமல் மீண்டும் அமர்ந்து விடை கூறுதல் நல்லாசிரியர் இயல்பு. வினாவை முழுமையாக எடுத்து வைத்த பின்னரே விடை புகலும் இம்முறை, நம் உரையாசிரியர் மரபுக்கு நெருங்கியது.

அவ்வினாக்களுள் ஒன்று இன்றும் நம் தோட்டங்களில் கேட்கப்படுவதே. இந்துக்களும் சொராஸ்திரியரும் பிறரைத் தம் சமயத்தில் சேர்ப்பதில்லை; கிறித்தவர் விரும்பி வருவோரை ஏற்பர்; வேறு சிலர் பிறரை வற்புறுத்தி அழைப்பர், மறுத்தால் பகைப்பர்; இவற்றுள் எது இறைவனுக்கு உவப்பானது என்பது வினா. இங்ஙனம் சமயங்களைப் பகுத்தது மானேக்ஜியின் கணிப்பு. அதனை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. விடையே கருதத்தக்கது. மக்கள் யாவரும் உடன்பிறந்தார், தனக்கு விரும்புவதை உடன்பிறந்தானுக்கும் விரும்புதல் அவ்வுறவின் கடமை, ஆகவே நன்மை பெற்றவன் அதனை அன்போடு அறிவித்து அழைக்கலாம், ஏற்றால் நன்று, ஏலாவிடில் வாதிடாமல், அவர் மனம் சிறிதும் நோகும் சொல் ஒன்றும் கூறாமல், அவர் வழியில் விட்டுவிட வேண்டும். இதுவே அவ்விடையின் சாரம். நீலகேசி நடந்த வழிக்கும் இவ்வழிக்கும் உள்ள தொலைவை மாணவர் தாமே அளந்தறியலாம்.

திறனாய்வாளன் புகழ்ந்து அமைந்துவிடுதல் முறையன்று. இம்மடல் உரையாடலில் ஒரு பெருங்குறை உண்டு. இந்துக் கொள்கை பற்றிப் பல வினாக்கள் அங்கே எழுகின்றன. ஆனால் இந்து ஒருவர் அங்கே இல்லை. மானேக்ஜி தாம் அறிந்தவாறு இந்துக்களுக்காகப் பேசுகிறார். மகாபாத் என்னும் ஆதி தீர்க்கதரிசியைப் பற்றியும் அவர் பேசுகிறார். அப்பெயர் தஸாதீர் என்னும் நூலிலிருந்து வந்தது; தொன்மையானது எனக் கருதப்பட்ட அந்நூல் மிகப் பிற்காலத்தது என்பது இன்றைய அறிஞர் முடிவு. ஒருவர் சமயத்தை மற்றொருவர் வாயாற் கேட்டால் எத்துணைப் பிழை நேரும் என்பதற்கு இது சான்று. இவ்விடத்தில் சாத்தனாரே உயர்ந்து நிற்கிறார். வஞ்சியில் ஒவ்வொரு வாதியும் தானே வந்து நின்றான்.

இக்குறை ஏட்டோடு நின்றுவிடுவதாயின் நமக்குக் கவலையில்லை. பம்பாயிற் பிறந்த ஷிரீன் ஃபோஸ்தாரும் அவர் கணவரும் 1950இல் சிங்கப்பூர் வந்த பின்னரே பஹாய் சமயம் மலாயாவில் வேர்கொள்ளத் தொடங்கிற்று. 1953இல் சிரம்பானில் யாங்கி லியோங் அச்சமயத்தைத் தழுவினார். அதன்பின் தோட்டப்புறத் தமிழரிடையேயும் அது பரவிற்று. கண்ணன், புத்தர், சரதுஷ்டிரர், மோசே, இயேசு, முகம்மது நபி என வழிவழி வந்த இறைத்தூதர் வரிசையில் பஹாவுல்லாவையும் வைப்பது அச்சமயத்தார் கொள்கை. பிற சமயத்தைப் பொய் என்று தள்ளாத இக்கொள்கை பெருந்தன்மை வாய்ந்தது. எனினும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அதனைச் சொல்லும்போது ஓர் இடர்ப்பாடு எழுகிறது. அங்கே வணங்கப்படுபவர் முருகனும் மாரியம்மனும் முனியாண்டியும். கண்ணன் பெயரைச் சொல்லி, உங்கள் சமயமும் எங்கள் வரிசையில் உண்டு என்றால், மாரியம்மன் அடியவளுக்கு அதனால் ஆவது என்ன? சிவன் பிறப்பிலி எனக் கொள்ளும் சைவ சித்தாந்திக்கு அவதார வரிசையே பொருந்தாதே! இடம் கொடுத்தோம் என்று ஒருவர் எண்ண, விழுங்கப்பட்டோம் என்று மற்றவர் எண்ண நேரும்.

இப்பிழை ஒரு பக்கத்தது மட்டும் அன்று. எம்மதமும் சம்மதம் என்று கூறி, பஹாய் சமயமும் எங்கள் கடலிற் கலக்கும் ஓர் ஆறு என முடித்துவிடும் இந்துவும் அதே பிழையைச் செய்கிறார். தமக்கெனத் திருநூல், தமக்கென நாட்காட்டி, தமக்கென நோன்பு உடையோரை, நீரும் எம்மவரே என்று தட்டிக்கொடுத்தல் மரியாதை ஆகாது. அயலாரின் வேற்றுமையைக் கேட்டறியும் பொறுமை இல்லாத இடத்தில், ஒற்றுமை என்னும் சொல் காதை அடைக்கும் பஞ்சாகிவிடும்.

ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். பஹாய்கள் மார்ச்சுத் திங்களில் பத்தொன்பது நாள், கதிரவன் தோன்றியது முதல் மறையும் வரை, உணவும் நீரும் கொள்ளாது நோன்பிருப்பர். நோன்பு முடிந்து நவ்ரூஸ் என்னும் புத்தாண்டு பிறக்கும். பங்குனி உத்திர விரதமும் பெரும்பாலும் அக்காலத்தை ஒட்டியே வரும். தானா ராத்தாவின் ஒரு லயத்தில், பத்தாம் எண் வீட்டில் காவடிக்கு விரதம். பதினோராம் எண் வீட்டில் பஹாய் நோன்பு. இருவரும் அதிகாலையில் எழுவர். ஒரே மலைக்குக் கொழுந்து பறிக்கச் செல்வர். "அக்கா, நீங்க ஏன் பகல்லே தண்ணிகூடக் குடிக்கிறதில்லே?" என்று ஒருத்தி கேட்க, மற்றவள் தன் வழியைச் சொல்லி, "நீங்க எதுக்காகக் காவடி எடுக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்பாளாயின், அங்கே இந்துவுக்காக வேறொருவர் பேச வேண்டுவதில்லை. பஹாவுல்லாவின் மடலில் இல்லாத அந்த ஒருவர் இங்கே தேயிலைக் கூடையோடு நிற்கிறார். சொல்லுதற்கும் கேட்பதற்கும் இருவர்க்கும் சம உரிமை. எவரும் நகைக்கவில்லை, எவரும் வெல்லவில்லை.

நாட்டளவில் இத்தகைய உரையாடலுக்கு மன்றங்கள் உண்டு. 1983இல் பௌத்தம், கிறித்தவம், இந்து, சீக்கியம் ஆகிய சமயங்களின் ஆலோசனை மன்றம் அமைக்கப்பெற்றது. பின்னர்த் தாவோ சமயமும் அதிற் சேர்ந்தது. அம்மன்றத்தின் பெயரில் பஹாய் என்னும் சொல் இல்லை. ஆகவே சிறுபான்மையினரான பஹாய்களைப் பொறுத்தவரை, அயல் வீடும் வகுப்பறையும் கொழுந்துக் காடுமே பெரிதும் உரையாடல் மன்றங்களாகின்றன. அங்கே தலைவர் இல்லை, தீர்மானம் இல்லை. பேசுவோரின் சொல் ஒன்றே உண்டு. அச்சொல்லைப் பண்படுத்தும் பொறுப்பு மொழியாசிரியரைச் சேர்கிறது.

பஹாவுல்லாவின் சிறு நூல் ஒன்று தமிழில் மறைமொழிகள் எனப் பெயர் பெற்றுள்ளது. அரபில் 71, பாரசீகத்தில் 82 என அமைந்த சிறு மொழிகளின் தொகுப்பு அது. மறைமொழி என்னும் சொல் திருக்குறளின் நீத்தார் பெருமையைத் தமிழ் மாணவர்க்கு நினைவூட்டும். மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லால் வள்ளுவர் முற்றத்தில் வந்து நிற்கிறார். வந்தவரை வரவேற்பதும், அதன்பின் அவர் கூறுவதைத் தம் மனச்சான்றுபடி ஏற்பதும் மறுப்பதும் வீட்டார் உரிமை. முற்றத்தில் நிற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, நீர் எவ்வரிசையில் சேருவீர் என்பதன்று; நீர் சொல்ல வந்தது யாது என்பதே.

ஆகவே சமயக்கணக்கர் காதையை நடத்தும் ஆசிரியர் ஒரு பயிற்சி தரலாம். ஒவ்வொரு மாணவனும் தன் பக்கத்து வீட்டாரின் சமயத்தைப் பற்றி, அவர் வாயாற் கேட்டு, அவர் சொல்லிலேயே பத்து வரி எழுதட்டும். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டட்டும். "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று அவர் ஒப்பினால் முழு மதிப்பெண். சாத்தனார் தொடங்கிய பாடம் அம்மதிப்பெண்ணில்தான் நிறைவுறும். சமநிலம் என்று ஊருக்குப் பெயர் வைத்துவிடுவது எளிது. இருவர் பேசும்போது அந்நிலத்தைச் சமன் செய்வதே கல்வியின் பணி.