சந்தைக் கூடையோடு நின்றுவிடும் ஆய்வு

வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் பூச்சிக்கொல்லி எச்ச ஆய்வகம் 2013 முதல் கேரளக் கடைகளில் காய்கறி வாங்கிச் சோதித்து, எந்தக் காயில் எந்த மருந்து மிஞ்சியிருக்கிறது என்று ஊரறியச் சொல்லி வருகிறது. அந்த வெளிப்படைத்தன்மை பெரிய காரியம். 2015இல் தமிழ்நாட்டுக் காய்கறிகளைக் குறித்து இரு மாநிலங்களும் மோதிக்கொண்டபோது, வாங்குகிறவர்களின் பேச்சில் வதந்தியோடு ஆய்வக முடிவும் இடம்பெற்றது இதனால்தான்.

ஆனால் இந்த ஆய்வு காயைக் கடையில் சந்திக்கிறது. மருந்தடித்தவரின் உடம்பும், விளைந்த மண்ணும், வயல் வடியும் தோடும் அதன் கணக்கில் வருவதில்லை. வீட்டுக்கு அது தந்த அறிவுரையும் புளித்தண்ணீரில் கழுவுங்கள் என்பதுதான். கேரள வேளாண் பல்கலைக்கழகமே 'வெஜி வாஷ்' என்ற கழுவுதிரவத்தையும் கொண்டுவந்தது. செடிக்குள் ஊடுருவிப் பரவும் மருந்தை எந்தத் தண்ணீரும் முழுதாகக் கழுவிவிடாது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வாழைத்தோட்டங்களில் இந்தக் குறை இன்னும் துலக்கமாகத் தெரியும். ஏத்தன் வாழைக்கு இட்டுவந்த ஃபியூரடான் என்ற பூச்சிக்கொல்லிக் குருணையைக் கேரளம் 2011இல் தடை செய்தது. எல்லையூரான களியக்காவிளைக்கு அப்பால், தமிழ்நாட்டில், அன்று அதற்குத் தடை இல்லை. மண்ணும் ஒன்று, வாழைத்தண்டைத் துளைக்கும் கூன்வண்டும் ஒன்று. சட்டம் மட்டும் சாலையின் நடுவில் மாறியது.

மாற்று வழி தொலைவில் இல்லை. ஸ்ரீகார்யத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், கிழங்கு பிடுங்கியபின் வீணாகும் மரச்சீனி இலையிலிருந்து 'நன்மா', 'மேன்மா' என்ற பூச்சிமருந்துகளை உருவாக்கியது. ஊர்ப் பயிரின் கழிவே ஊர் வாழையைக் காக்கும் இந்த வழியை நான் மிகவும் மதிக்கிறேன். எனினும் மேன்மாவை ஒவ்வொரு தண்டிலும் ஊசியால் ஏற்ற வேண்டும். குருணையைத் தூவிவிட்டு நகர்வதைவிட அதற்குக் கூலி அதிகம். இங்கே வாழை வைப்பவர்களில் பலர் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் எடுத்தவர்கள். 1970இல் கேரளத்தில் குத்தகை முறையைச் சட்டம் ஒழித்துவிட்டதால் பாட்டம் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே நடக்கிறது; விவசாயி பெயர் பதிவேட்டில் இல்லை. அடுத்த போகத்துக்கு அதே நிலம் கிடைக்குமா என்று அறியாதவர் மண்ணுக்காகச் செலவு செய்யத் தயங்குவது இயல்பு. இந்தக் கணக்கைச் சேர்க்காத கள ஆய்வு, மருந்து வேலை செய்யும் என்று காட்டலாம். அது பயன்படுத்தப்படும் என்று காட்டாது.

நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் தமிழ்நாட்டுக்குக் கேரளம் எவ்வளவு தண்ணீர் விடுவது என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்தத் தண்ணீரில் வயலிலிருந்து என்ன கலக்கிறது என்பதும் அதே பிடிவாதத்தோடு அளக்கப்பட வேண்டும். இனிவரும் ஆய்வு மாநில எல்லையை விட்டு ஆற்றுப்படுகையைத் தன் எல்லையாகக் கொள்ளட்டும். வெள்ளாயணியும் குமரி மாவட்டத்தின் திருப்பதிசாரம் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் எல்லையின் இருபுறத்துப் பாட்ட நிலங்களிலும் ஒரே முறையில் மண்ணும் கிணற்றுநீரும் எடுத்து, பல ஆண்டுகள் தொடர்ந்து சோதித்து, முடிவைத் தமிழிலும் மலையாளத்திலும் கேரளத்தின் வேளாண் அலுவலகமான கிருஷிபவனிலும் தமிழ்நாட்டின் வேளாண் விரிவாக்க மையத்திலும் ஒட்டலாம்.