தொடுகோடும் சேலத்துப் பரிபாஷையும்: ஆங்கிலச் சொல்வரலாற்றின் ஒளியில் ஒரு மறுநோக்கு

தமிழில் கலைச்சொல்லாக்கம் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் ஆங்கிலம் சான்றாகக் காட்டப்படுகிறது. பிறமொழிச் சொற்களைத் தயங்காது ஏற்றதனாலேயே ஆங்கிலம் வளர்ந்தது. தமிழும் அவ்வாறே செய்தல் வேண்டும் என்பது அவ்வாதம். ஆங்கிலம் பெருமளவில் கடன் பெற்றது என்பதில் ஐயமில்லை. அக்கடனுக்கு ஆங்கிலம் பேசுவோர் கொடுத்த விலையை மட்டும் இவ்வாதம் பேசுவதில்லை. சேலத்தில் 1916இல் தோன்றிய தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கத்தை அவ்வரலாற்றோடு சேர்த்து நோக்கின் அவ்விலை விளங்கும்.

அந்நாளில் சேலத்தில் வழக்கறிஞராக இருந்த சி. இராசகோபாலாச்சாரியார், வெங்கடசுப்பையருடன் இணைந்து இச்சங்கத்தை நிறுவினார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் ஆகியவற்றுக்குரிய சொற்களைத் தமிழில் ஆக்குவதே அதன் நோக்கம்; அதற்கென ஓர் இதழும் வெளிவந்தது. உயர்கல்வி முழுவதும் ஆங்கிலத்தில் நடந்த காலத்தில், மாவட்டத் தலைநகர் ஒன்றிலிருந்து இம்முயற்சி எழுந்தது சிறிய செய்தியன்று. மறைமலையடிகளின் தனித்தமிழ் இயக்கம் முளைத்ததும் அதே 1916இல்தான். பாரதியாரோ, காசி நாகரிப் பிரசாரிணி சபையார் வடமொழியில் அமைத்துவந்த அறிவியற் சொற்களை இயன்றவரை தேசமொழிகளில் ஏற்று வழங்கலாம் எனக் கருதினார். சேலத்துச் சங்கம் எப்பக்கம் சாய்ந்தது என்பதற்கு அதன் பெயரே சான்று. ‘சாஸ்திர பரிபாஷை’ என்னும் தொடர்க்கு இன்றைய மாணவருக்கு உரை தேவைப்படுகிறது. ‘கலைச்சொல்’ என்பதற்கு அது தேவையில்லை.

ஆங்கிலத்திலும் இத்தகைய பூசல் நிகழ்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் இலத்தீன், கிரேக்கச் சொற்கள் வெள்ளமெனப் புகுந்தபோது அவற்றை ‘மைக்கூட்டுச் சொற்கள்’ என்று பொருள்படும் பெயரால் எள்ளினர். தாமசு வில்சன் 1553இல் தம் அணியிலக்கண நூலில் அத்தகைய நடையைக் கேலி செய்தார். 1557இல் சர் ஜான் சீக், ஆங்கிலம் கலப்பின்றித் தூயதாக எழுதப்பட வேண்டும் என ஒரு மடலில் வற்புறுத்தினார். (அம்மடலிலேயே இலத்தீன் வழிவந்த சொற்கள் உண்டு. தூய்மை பேசுவோர்க்கு எம்மொழியிலும் நேரும் இடர் இது.) இரால்ஃப் லீவர் 1573இல் அளவை நூல் ஒன்றை எழுதி, அத்துறையையே ‘அறிவுத்தொழில்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாற் குறித்தார்.

இவர்களுள் கணித அறிஞர் இராபர்ட்டு இரெக்கார்டு தனித்து நோக்கத்தக்கவர். சமக்குறியை 1557இல் உலகுக்குத் தந்தவர் இவரே. 1551இல் வெளிவந்த தம் வடிவியல் நூலில், குறுங்கோணத்தைக் ‘கூர்மூலை’ என்றும் வட்டத்தைத் தொட்டுச்செல்லும் கோட்டைத் ‘தொடுகோடு’ என்றும் பொருள்படும் எளிய ஆங்கிலச் சொற்களை வழங்கினார். அச்சொற்கள் நிலைக்கவில்லை, இலத்தீன் வழிவந்த ‘டேன்ஜென்ட்’ நிலைத்தது. ஆங்கிலம் கைவிட்ட அதே சொல்லாக்க முறைதான் தமிழ்ப் பாடநூல்களில் இன்று ‘தொடுகோடு’ என வாழ்கிறது. இராசிபுரத்து மாணவி அச்சொல்லைக் கேட்டவுடன் பாதிப் பொருளை உணர்ந்துவிடுகிறாள். இலத்தீன் அறியாத இலண்டன் மாணவிக்கு ‘டேன்ஜென்ட்’ வெறும் ஒலியே.

இலத்தீன் வென்றதற்குக் காரணம் ஆங்கிலத்தின் பெருந்தன்மையன்று. எழுதியோரும் படித்தோரும் இலத்தீன் பள்ளிகளில் பயின்றவர்கள்; அவர்களுக்கு அச்சொற்கள் அயன்மையுடையன அல்ல. நியூட்டன் 1687இல் ‘பிரின்சிபியா’வை இலத்தீனிலேயே எழுதினார், ஒளியியல் நூல் 1704இல்தான் ஆங்கிலத்தில் வந்தது. இடையில் 1604இல் இராபர்ட்டு காட்ரி வெளியிட்ட அகராதி, முதல் ஆங்கில அகராதி எனப் போற்றப்படுகிறது. அது மொழி முழுவதற்குமான அகராதியன்று. ஏறத்தாழ 2,500 அருஞ்சொற்களைப் பெண்டிர்க்கும் கல்வி குறைந்தோர்க்கும் விளக்க எழுந்தது. தம் மொழியில் எழுதப்பட்டதைப் படிக்கவே தம் மொழியினர்க்கு அகராதி வேண்டியதாயிற்று. 1775இல் செரிடன் தம் நாடகத்தில் மாலப்ராப் அம்மையாரைப் படைத்து, பெருஞ்சொற்களைப் பிழைபடப் பேசவைத்து அரங்கைச் சிரிக்கவைத்தார். அச்சிரிப்பு யார்மீது விழுந்தது என்பதை எண்ண வேண்டும்.

கடன்பெறாமலும் அறிவியல் வளரும் என்பதற்கு செருமன் சான்று. ஆக்சிசனை அமிலப்பொருள் என்றும் ஐதரசனை நீர்ப்பொருள் என்றும் தன் சொற்களாலேயே வழங்கும் அம்மொழியில் வேதியியல் தளர்ந்ததில்லை.

இலத்தீன் இருந்த இடத்தில் சேலத்துச் சங்கத்தார்க்கு வடமொழி இருந்தது. தாம் அறிந்த மொழி யாவர்க்கும் எளிது என்னும் எண்ணம் கற்றோர்க்கு இயல்பு. அதனைக் குற்றமெனக் கொள்ள வேண்டியதில்லை. எனினும் அதன் விளைவு பின்னர் வெளிப்பட்டது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் தமிழ்ச்சார்புடைய கலைச்சொற்றொகுதியை வெளியிட்டிருந்தும், 1940இல் சென்னை அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த குழு வடமொழிச் சார்பினது என்று எதிர்ப்பு எழுந்தது. அதன் பின்னரே தமிழறிஞர்கள் குழுவிற் சேர்க்கப்பட்டனர். சங்கத்தின் பெருமை, அறிவியல் தமிழிற் பேசும் என்று நம்பியதில் உள்ளது. அத்தமிழைக் கேட்போர் யாவர் என்று வரையறுத்ததில் அது குறைபட்டது.

இதனால் கடன்சொல் முற்றும் விலக்கத்தக்கது என்று கொள்ளுதலும் பிழையாகும். திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் தொல்காப்பியமே இடமளிக்கிறது. இச்சமவெளியின் தொழிற்களங்கள் தரும் சான்று வேறு. நாமக்கல்லில் லாரிக்குப் ‘பாடி கட்டுகிறார்கள்’. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஊர்தோறும் சென்று ‘போர் போடுகின்றன’. பெயர் ஆங்கிலம், வினை தமிழ். நார்மானியர் வழிவந்த பிரெஞ்சுச் சொற்களை ஆங்கிலம் தன் இலக்கணத்துக்குள் செரித்துக்கொண்டதும் இவ்வாறே. இங்கு எவரும் வெளியே நிறுத்தப்படுவதில்லை. ஏனெனில் சொல் வருமுன் பொருள் கைக்கு வந்துவிட்டது. கண்ணாற் கண்டு கையாற் பழகும் பொருளுக்குக் கடன்பெயர் சுமையாவதில்லை. தொடுகோடு அத்தகையதன்று, சொல்லின் வழியே மட்டும் அடைய வேண்டிய கருத்து அது. பொருட்பெயரையும் கருத்துப்பெயரையும் ஒரே தராசில் நிறுப்பதே ஆங்கிலத்தைச் சான்று காட்டும் வாதத்தின் அடிப்படைப் பிழை.

சேலத்து ஆலைகளில் ‘சேகோ’ என்பது அடுக்களையில் ‘ஜவ்வரிசி’ ஆகிறது. முன்னது ஒருவகைப் பனையின் சோற்றைக் குறிக்கும் மலாய்ச் சொல். ஆங்கிலத்தின் வழியே வந்தது. பின்னது தன்னை அரிசி என்கிறது. இரண்டும் மரவள்ளிக்கிழங்கைச் சொல்லவில்லை. எனினும் ஆத்தூரில் அதனை வாங்கிப் பாயசம் வைப்போர் எவரும் ஏமாந்ததில்லை.