தட்டிப் பார்க்க முடியாத பொருள்

"ஆயிரம் ரவுண்டு சுட்டாச்சு, ஒரு பிரச்சினையும் இல்ல." மலிவு விலைத் தோட்டாக்களையும், பழைய கூடுகளை வைத்து மறுபடி தயாரித்த தோட்டாக்களையும் பற்றி அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் இந்த மாதிரி வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொன்று: "ரெண்டாவது பெட்டியிலேயே துப்பாக்கி போச்சு, தொடவே தொடாதீங்க." இரண்டு கட்சியும் பொய் சொல்லவில்லை. ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று நிற்கிற ஆளுக்கு இரண்டுமே பதில் இல்லை என்பது என் கருத்து. ஏன் இல்லை என்பதைத்தான் இந்தக் குறிப்பில் எழுதிப் பார்க்கிறேன்.

ஸ்ரீமுஷ்ணத்துக்காரனுக்கு இதுல என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தியாவில் தோட்டா தள்ளுபடியில் கிடைக்கிற பண்டம் இல்லை. உரிமத்துக்கு இத்தனை என்று எண்ணித்தான் கொடுப்பார்கள். ஆனால் துப்பாக்கிக்குத் தன் கையாலேயே மருந்து கெட்டித்த ஒரு சமூகம் எங்கள் பக்கத்தில் உண்டு. கடலூரில் பிறந்த ஒரு பெண் துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் வரை போயிருக்கிறார். இரண்டும் பின்னால் வரும். முதலில் பொருளைப் பார்த்துவிடலாம்.

இரண்டு வேறு சரக்கு

தோட்டா என்பது நான்கு பொருள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்டபின் கூடு மட்டும் மிஞ்சும். ரேஞ்ச் தரையில் கிடக்கும் அந்தக் கூடுகளைப் பொறுக்கி, கழுவி, பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, அச்சில் கொடுத்து அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர், புது மருந்து, புது குண்டு வைத்தால் அது மறுதயாரிப்புத் தோட்டா. .22 ரிம்ஃபயர் வகையில் இது நடைமுறையில் ஆகாது. அதில் பிரைமர் தனியாக இல்லை. கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே கலவை இருக்கும், ஊசி அடித்து நசுக்கியதும் அதன் கதை முடிந்தது. அதனால் மறுதயாரிப்பு என்றால் பெரும்பாலும் 9 எம்.எம். போன்ற சென்டர்ஃபயர் வகைதான்.

பட்ஜெட் தோட்டா வேறு. அது புதுசு, ஆனால் செலவைக் குறைத்துச் செய்தது. பித்தளைக்குப் பதில் இரும்புக் கூடு போட்டு வந்த ரஷ்யத் தோட்டாக்கள் நல்ல உதாரணம். 2021 ஆகஸ்டில் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதில்லை என்று அமெரிக்க அரசு அறிவிக்கும்வரை அங்கே பயிற்சிக்கு ஓடியதில் அவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

அனுபவம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் "சீப் அம்மோ" என்று ஒரே சாக்கில் போட்டுவிடுகிறார்கள். என் முதல் குறை அதுதான். இரும்புக் கூட்டுத் தோட்டாவின் குறை எல்லாத் தோட்டாவிலும் ஒரே மாதிரி இருக்கும்: பித்தளை அளவுக்கு விரிந்து அறையை அடைக்காது, புகைக்கரி அதிகம், குண்டின் மேலுறை கடினமாக இருந்தால் குழல் சீக்கிரம் தேயும். மறுதயாரிப்பின் குறை அப்படி இல்லை. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது நன்றாக இருக்கும், ஒன்றில் இருக்கும்.

எல்லாத் தோட்டாவிலும் இருக்கும் குறையை அளந்துவிடலாம். லக்கி கன்னர் என்ற தோட்டா விற்கும் நிறுவனம் 2013-இல் அப்படி ஒரு சோதனையை வெளியிட்டது. ஒரே மாதிரியான நான்கு ஏ.ஆர்-15 துப்பாக்கிகள், ஒன்றுக்குப் பித்தளை, மூன்றுக்கு மூன்று வகை இரும்புக் கூடு, ஒவ்வொன்றிலும் 10,000 தோட்டா சுடுவது திட்டம். இரும்புக் கூட்டோடு கடின மேலுறைக் குண்டும் போன குழல்கள் பாதி வழி தாண்டியதுமே தேய்ந்துவிட்டன. ஆனால் தோட்டாவில் மிச்சம் பிடித்த காசில் புதுக் குழலே வாங்கிவிடலாம் என்று கணக்கும் காட்டினார்கள். விற்கிறவரே செய்த சோதனை, வகைக்கு ஒரே ஒரு துப்பாக்கி என்ற குறைகள் உண்டு. இருந்தாலும் எண்ணிக்கை, முறை, விலை மூன்றையும் எழுதிவைத்தார்கள். ஆயிரம் "எனக்கு நல்லா ஓடுது"வை விட எனக்கு அது மேல்.

ஆனால் அந்தச் சோதனையை எடுத்துக்காட்டி மறுதயாரிப்புத் தோட்டாவுக்கும் வக்காலத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது செல்லாது. அங்கே சுட்டது எல்லாம் புதுத் தோட்டா.

அனுபவத்துக்குத் தெரியாதது

ஆயிரம் சுட்டவர் எதைப் பார்த்திருப்பார்? வெடிக்காத தோட்டா, சிக்கிக்கொண்ட கூடு, கரி, குறி சிதறுவது. இவை அடிக்கடி நடப்பவை, அதனால் கண்ணில் படும். இவற்றைப் பற்றி அவர் சொல்வதை நம்பலாம்.

பயப்பட வேண்டிய குறை வேறு இரண்டு. ஒன்று, கூட்டில் மருந்தே விழாமல் போவது. பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளும்; குண்டு வெளியே வராமல் பாதியில் நிற்கும். அடுத்த தோட்டாவை அதன் பின்னால் சுட்டால் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். இரண்டாவது, மருந்து இரட்டையாக விழுவது. 9 எம்.எம். கூட்டில் பல மருந்துகள் பாதி இடம்கூட அடைக்காது. அதனால் இரண்டு அளவு விழுந்தாலும் வழியாது, மேலே குண்டு வைத்து மூடினால் வெளியே தெரியவே தெரியாது. இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறைத் தரம் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. நம்ம கார் டயரில் அடிப்பது 35. ஆயிரம் மடங்கு. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு விபரீதம் இருக்கிறது. தோட்டா வெடிக்கவில்லை என்றால் மேகசினைத் தட்டு, ஸ்லைடை இழு, மறுபடி சுடு என்று பழக்குகிறார்கள். அடிக்கடி வரும் குறைக்கு அது சரியான மருந்து. ஆனால் "டமார்" என்று வரவேண்டிய இடத்தில் "டொப்" என்று வந்தால், அதே பழக்கம்தான் கையைக் கொண்டுபோகும். மலிவுத் தோட்டாவில் அடிக்கடி தட்டி இழுத்துப் பழகியவர் அந்த "டொப்"பையும் பத்தோடு பதினொன்றாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். சத்தம் மாறினால் நிறுத்து, குழலை இலக்குப் பக்கமே வைத்துக் காத்திரு, பிறகு தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலைப் பார். இதை எந்த விலைத் தோட்டாவுக்கும் சொல்லலாம்.

இப்போது கணக்கு. புள்ளியியலில் ஓர் எளிய விதி உண்டு: ஒரு விஷயத்தை n தடவை செய்து ஒரு தடவைகூடத் தவறவில்லை என்றால், உண்மையான தவறு விகிதம் 3/n வரைக்கும் இருக்கலாம் என்றுதான் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடியும். ஆயிரம் சுட்டும் ஒன்றும் ஆகவில்லையா? ஆயிரத்துக்கு மூன்று வரை இருக்கலாம். லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே என்று சொல்ல வேண்டுமா? மூன்று லட்சம் சுட வேண்டும். மாதம் 200 சுடுகிற ஆளுக்கு 125 வருஷம் ஆகும். எங்கள் தொழிலில் "என் சிஸ்டத்துல ஓடுதே" என்று சொன்னால் சிரிப்பார்கள். இதுவும் அதேதான். எங்களுக்கு சர்வர் விழும், இவர்களுக்கு விரல் போகும்.

முந்நூறு பேர் ஆளுக்கு ஆயிரம் சுட்டதைக் கூட்டினால் மூன்று லட்சம் வருமே என்றால், அதுவும் சரிவராது. முந்நூறு பேரும் சுட்டது ஒரே சரக்கு என்றால்தான் கூட்ட முடியும்.

விருத்தாசலத்து ஜாடி

எங்கள் பக்கம் விருத்தாசலத்துப் பீங்கான் பேர் போனது. ஜாடி வாங்கும் பெண்கள் விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார்கள். "கணீர்" என்றால் சரி, "சொத்" என்றால் எங்கோ விரிசல். செகண்ட்ஸ் சரக்கு என்றாலும் பயமில்லை. தட்டிப் பார்த்து வாங்கலாம், தட்டியதால் ஜாடிக்கு ஒன்றும் குறையாது.

தோட்டாவை அப்படித் தட்டிப் பார்க்க முடியாது. சோதிக்க ஒரே வழி சுடுவது. சுட்டால் பொருள் போச்சு. அதனால்தான் தோட்டாத் தொழில் முழுக்க லாட் என்ற ஏற்பாட்டின் மேல் நிற்கிறது. ஒரே மருந்து, ஒரே பிரைமர், ஒரே உலோகம், ஒரே எந்திர அமைப்பு; அதில் சிலவற்றைச் சுட்டுப் பார்த்து மீதிக்குச் சான்று சொல்வது. நீலகிரி அருவங்காட்டில் 1903-இல் தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை செய்வது மாதிரியான மருந்துக்கும் இதே முறைதான்.

லாட் இருந்தால் தவறே வராதா? வரும். 2014 முதல் பழுதான வெடிபொருளால் 403 விபத்துகள், 27 சாவுகள் என்று ராணுவத்தின் உள்ளறிக்கை ஒன்று 2020-இல் செய்திகளில் வந்தது; பழி எல்லாம் தங்களுடையது இல்லை என்று ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி போர்டு மறுத்தது. ஆனால் அந்தச் சண்டையையே போட முடிந்ததற்குக் காரணம் லாட் எண். ஒன்று வெடித்தால் அதன் கூடப்பிறந்தவை எங்கே இருக்கின்றன என்று தேடி ஒதுக்கலாம்.

மறுதயாரிப்பில் இந்தச் சங்கிலிதான் அறுகிறது. நல்ல நிறுவனங்கள் பெட்டியில் லாட் எண் போடுகின்றன, எடை பார்க்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் சொல்வது மருந்தின் கதையை, சேர்த்த நாளின் கதையை. கூட்டின் கதையை இல்லை. ஒரே பெட்டியில் ஐந்து கம்பெனிக் கூடு. ஒன்று ஒருமுறை சுட்டது, இன்னொன்று எத்தனை முறையோ. ஒன்றைச் சுட்டுப் பார்த்து அடுத்ததற்குச் சான்று சொல்ல முடியாது. "ஆயிரம் சுட்டேன்" என்ற அனுபவம் சான்றாகாமல் போவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

கையால் கெட்டித்தவர்கள்

நரிக்குறவர்களின் நாட்டுத் துப்பாக்கியை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். குழல் வாய் வழியாகக் கருமருந்து போட்டு, நார் திணித்து, ரவையோ பால்ரஸோ போட்டுக் கம்பியால் கெட்டிப்பது. தொழிற்சாலைத் தரம் கிடையாது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையும் போனது. அந்தத் துப்பாக்கி பத்திரமானது என்று சொல்ல வரவில்லை. ஆனால் போட்ட மருந்தின் அளவு போட்டவருக்குத் தெரியும். தவறினால் போவதும் அவர் கைதான். அமெரிக்காவில் தன் கூட்டைத் தானே எண்ணி மறுபடி நிரப்புகிறவரும் இந்த வகை. பெட்டியில் வாங்குகிறவருக்கு அந்த அறிவு இல்லை, ஆனால் ஆபத்து மட்டும் முழுசாக அவருடையது. இந்த வித்தியாசத்தை அனுபவக் குறிப்புகள் பேசுவதே இல்லை.

நம்ம ஊர்ப் பிரச்சினை தலைகீழ். இங்கே தோட்டா மலிவா என்பதற்கு முன்னால் கிடைக்குமா என்பது கேள்வி. 2020 பிப்ரவரியில்தான் பயிற்சிக்கு ஆண்டுக்கு 1,000 என்று இருந்த .22 தோட்டா வரம்பை மத்திய அரசு 5,000 ஆக்கியது. மேல்மட்டப் போட்டியாளர்கள் தங்கள் துப்பாக்கியோடு எலே, லாபுவா போன்ற நிறுவனங்களின் சோதனைக்கூடத்துக்கே போய், லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். 50 மீட்டரில் பத்துக்கான வட்டம் 10.4 மில்லிமீட்டர். லாட் மாறினால் புள்ளி மாறும். ஏர் ரைஃபிளுக்கு, 4.5 மி.மீ. குழலும் 20 ஜூல் வரம்பும் தாண்டாவிட்டால், உரிமம் வேண்டாம். பெல்லட் விலையும் குறைவு. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். துப்பாக்கி சுடுதலில் இந்தியா இதுவரை வாங்கிய ஏழு ஒலிம்பிக் பதக்கத்தில் நான்கு காற்றுத் துப்பாக்கியில் வந்தவை. இதற்குத் தோட்டாவின் விலையும் உரிமமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். மலிவாகப் பயிற்சி எடுக்கும் ஆசையில் தப்பே இல்லை. மறுதயாரிப்புக்கு ஆள் வருவதும் அதனால்தான்.

அதனால் மலிவுத் தோட்டா அனுபவத்தை எழுதுகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்: புதுசா மறுதயாரிப்பா, லாட் எண் என்ன, எந்தத் துப்பாக்கி, எத்தனை சுட்டது, அதில் எத்தனை எப்படித் தவறியது, ஒன்று தவறியபின் மீதிப் பெட்டியை என்ன செய்தீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத குறிப்பை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.