இல்லாதவனுக்குக் கிடைத்த இடம்

டோன்டன் ஸோலா மொகோகோ, செர்னோ சாம்பா, மாக்சிம் சிகால்கோ. கால்பந்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களில்கூடப் பலருக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்காது. இவர்கள் யாரும் உலகக் கோப்பையில் கோல் அடித்தவர்கள் இல்லை. ஆனால் பிரிட்டனில் இன்று நாற்பதைத் தாண்டிய ஆண்களில் கணிசமானோர், பள்ளிக்கால நண்பனின் பெயரைக் கேட்டதுபோல் இப்பெயர்களுக்கு முகம் மலர்வார்கள். அவர்கள் இவர்களைச் சந்தித்தது மைதானத்தில் அல்ல, ‘சாம்பியன்ஷிப் மேனேஜர்’ என்ற கணினி விளையாட்டில்.

அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் ஷ்ராப்ஷையர் பகுதியைச் சேர்ந்த பால், ஆலிவர் கோலியர் என்ற சகோதரர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதிய நிரல் அது. 1992இல் முதல் பதிப்பு வெளிவந்தது. அதை ஆடுபவர் பந்தை உதைப்பதில்லை. அவர் ஒரு கழகத்தின் மேலாளர். ஆட்களை வாங்குவார், விற்பார், அணியைத் தேர்ந்தெடுப்பார், பிறகு திரையில் ஓடும் வாக்கியங்களைப் படித்தபடி காத்திருப்பார். வெளியீட்டு நிறுவனத்தோடு பிரிவு ஏற்பட்டபின், 2004 முதல் அதே குழுவின் விளையாட்டு ‘ஃபுட்பால் மேனேஜர்’ என்ற பெயரில் வருகிறது.

இத்தொடரின் ரசிகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தங்களுக்குப் பிடித்த பதிப்பு எது, அம்சம் எது, மறக்க முடியாத வீரர் யார் என்று முன்மொழிந்து பட்டியலிட்டுக்கொண்டே இருப்பார்கள். 2012இல் இந்த விளையாட்டைப் பற்றி ஒரு நூல் வந்தது. தங்கள் வாழ்க்கையையே அது களவாடிவிட்டது என்பதுதான் அந்நூலின் தலைப்பு. 2014இல் ஓர் ஆவணப்படமும் வந்தது. இரண்டிலும் அப்பட்டியல் மனநிலையைப் பார்க்கலாம். தொகைநூல்களை வகுப்பில் நடத்துகிறவள் என்பதால் பட்டியல்கள் எனக்கு எப்போதும் வாசிப்புக்குரியவை. எது சேர்ந்தது, எது விடுபட்டது, தொகுத்த கை யாருடையது என்று கேட்காமல் ஒரு பட்டியலை என்னால் கடந்துபோக முடிவதில்லை.

பிடித்த அம்சங்கள் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டால் ஓர் இலக்கிய ஆசிரியைக்கு வியப்பு வரும். 2003இல் நான்காம் சாம்பியன்ஷிப் மேனேஜர் வரும்வரை இந்த விளையாட்டில் ஆட்டத்தின் காட்சியே கிடையாது. ஒரு வரி வரும். அடுத்த வரிக்குக் காத்திருக்க வேண்டும். கோல் விழுந்தால் எழுத்துகள் பளிச்சிடும். அந்த வரிகளைத்தான் பலர் முதலில் முன்மொழிகிறார்கள். படம் இல்லாததால் மைதானத்தை மனத்துக்குள் கட்டிக்கொண்டோம் என்கிறார்கள். இறுதிப் போட்டியன்று தன் அறையில் கோட்டும் டையும் அணிந்து கணினிமுன் உட்கார்ந்த கதையைச் சொல்பவர்களும் உண்டு. ஒரு பிரதியை நம்பி அதற்குள் குடியேறிய வாசகர்களின் பேச்சு இது. இதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. நாவல் படித்துக் கண் கலங்கிய பெண்களைக் கேலி செய்த உலகத்திடமிருந்து நாம் கற்க வேண்டியது அதுவல்ல.

பிடித்த வீரர்களின் பட்டியல் இன்னும் நெகிழ்ச்சியானது. அதில் முன்னணியில் வருபவர்கள் நிஜத்தில் வென்றவர்கள் அல்லர். மொகோகோ கின்ஷாசாவில் பிறந்து சுவீடனில் வளர்ந்தவர். டெர்பி கவுண்டி கழகத்தில் சேர்ந்தாலும் அதன் முதல் அணிக்காக ஒருமுறைகூட ஆடவில்லை. காம்பியாவில் பிறந்த சாம்பா, மில்வால் கழகத்தின் இளையோர் அணியில் இருந்தபோது பெரிதும் பேசப்பட்டார். பிறர் எதிர்பார்த்த உயரத்தை அவர் எட்டவில்லை. மன அழுத்தத்தோடு போராடியதைப் பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார். பெலாரஸின் சிகால்கோ காயங்களால் இருபதுகளிலேயே ஆட்டத்தை விட்டார். 2020 டிசம்பரில், 37 வயதில், அவர் இறந்தபோது பிரிட்டிஷ் ஊடகங்கள் செய்தி வெளியிட்டன. விளையாட்டில் அவர் அடித்த கோல்களுக்காகவே பலர் துக்கம் கொண்டாடினார்கள். ஆகியிருக்கக்கூடிய, ஆனால் ஆகாமல் போன இளைஞர்களின் நினைவுக்கூடம் இது. ஆண்கள் ஆண்களின் தோல்வியை இவ்வளவு மென்மையாக நினைவில் வைத்துக்கொள்வதை வேறெங்கும் நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தக் கூடத்தில் இன்னொருவரும் இருக்கிறார். பெயர் டோ மடெய்ரா. 2001இல் வெளிவந்த ‘சாம்பியன்ஷிப் மேனேஜர் 01/02’ பதிப்பில், போர்ச்சுகலின் கோவெய்யா என்ற சிறு கழகத்தில் இருப்பார். வாங்கிப் போட்டால் கோல் மழை பொழியும். அவரிடம் ஒரே ஒரு குறை, அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் கழகங்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டித் தருபவர்கள் உள்ளூர் ரசிகர்கள்தாம். அப்படித் தகவல் தந்த ஒருவர் தன்னையே ஒரு மகத்தான வீரனாகப் புனைந்து உள்ளே சேர்த்துவிட்டார். பின்னர் வந்த திருத்தத்தில் மடெய்ரா நீக்கப்பட்டார். ஆனால் ரசிகர்கள் நீக்கவில்லை. ‘எல்லாக் காலத்துக்குமான வீரர்கள்’ என்று யார் பட்டியல் போட்டாலும் சிரிப்போடும் பாசத்தோடும் அவர் பெயர் வந்துவிடும்.

என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. இல்லாத ஓர் ஆணுக்கு இடம் கிடைத்த அந்த 2001இல், இருந்த பெண்கள் எங்கே?

1999 ஜூலை 10 அன்று, கலிபோர்னியாவின் ரோஸ் பௌல் அரங்கில் பெண்கள் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் 90,185 பேர். அமெரிக்காவும் சீனாவும் கோலின்றி ஆடி, பெனால்டியில் அமெரிக்கா வென்றது. அத்தொடரின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது சீனாவின் சுன் வென்னுக்குப் போனது. மியா ஹாமின் பெயர் கால்பந்து பார்க்காத வீடுகளுக்கும் தெரிந்திருந்தது. 2001 ஏப்ரலில் எட்டு அணிகளோடு பெண்களுக்கான முழுநேரத் தொழில்முறை லீக் அமெரிக்காவில் தொடங்கியது. அதே ஆண்டில் வந்த விளையாட்டின் தரவுத்தளத்தில் ஆயிரக்கணக்கான ஆண்கள் இருந்தார்கள். இவர்களில் ஒருத்தியும் இல்லை.

‘அன்று பெண்கள் கால்பந்துக்குச் சந்தை இல்லை, விளையாட்டு நிஜத்தைத்தானே பிரதிபலிக்கும்’ என்று சொல்லலாம். சந்தை என்பது உண்மையான காரணம். ஒவ்வொரு லீகையும் சேர்க்கப் பணமும் உழைப்பும் வேண்டும். ஆனால் நிஜம் என்ற காரணம் நிற்காது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆடும் ஆண்களின் கீழ்நிலை லீகுக்கு அதில் இடம் இருந்தது. மடெய்ராவுக்கும் இருந்தது. ஒரு ரசிகர் தன்னை வீரனாகக் கற்பனை செய்துகொண்டபோது அதைத் தடுக்கும் வேலி எதுவும் அந்தத் தரவுத்தளத்தில் இருக்கவில்லை. ஒரு பெண்ணை நுழைக்க அவர் நினைத்திருந்தால், அவளுக்கென்று ஒரு கட்டமே அங்கே கிடையாது.

அதனால்தான் ரசிகர்களின் பட்டியலில் பெண் பெயர் இல்லை என்று அவர்களைக் குற்றம் சாட்டுவது எளிதான, பயனற்ற வேலை என்று நினைக்கிறேன். அவர்கள் பெண்களுக்கு எதிராக வாக்களிக்கவில்லை. வாக்குச் சீட்டு அச்சான இடத்திலேயே தேர்வு முடிந்துவிட்டது. பாடத்திட்டத்தில் பெண் கவிஞர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால், ‘மாணவர்கள் விரும்புவதைத்தானே வைக்கிறோம்’ என்று ஒரு பதில் வருமே, அதன் வேலை முறையும் இதுதான். படிக்கக் கொடுக்காத ஒன்றை யார் விரும்ப முடியும்?

இந்த விளையாட்டின் உள்ளே ஓர் எண் இருக்கிறது. ஒவ்வொரு வீரருக்கும் வேகம், பந்தைக் கடத்தும் திறன் முதலிய பண்புகள் 1 முதல் 20 வரை திரையில் தெரியும். தெரியாமல் இன்னும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இப்போதைய திறன். மற்றொன்று அவர் எட்டக்கூடிய உச்சம், அதிகபட்சம் 200. மொகோகோவும் சாம்பாவும் சிகால்கோவும் நேசிக்கப்பட்டது இந்த இரண்டாவது எண்ணால்தான். ‘இவன் வருவான்’ என்று யாரோ ஒருவர் நம்பி எழுதிவைத்த எண் அது. ஒரு சிறுவனைப் பார்த்து நாளை என்னவாவான் என்று கற்பனை செய்வது நம் பண்பாடுகளில் இயல்பாக நடப்பது. ஒரு சிறுமிக்கு அந்தக் கற்பனை எளிதில் கிடைப்பதில்லை.

லில்லி பார் என்ற பெண்ணை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1905இல் லங்காஷையரில் பிறந்தவர். சிறுமி என்று சொல்லத்தக்க வயதிலேயே, 1920இல், பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களின் அணியான ‘டிக், கெர் லேடீஸ்’ அணியில் சேர்ந்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூலின் கூடிசன் பார்க் மைதானத்தில் அந்த அணி ஆடியதைக் காணச் சுமார் 53,000 பேர் வந்தார்கள். ஓராண்டுகூட நிறையவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதல்ல என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் அறிவித்து, தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. லில்லி பாருக்கு அப்போது வயது 16. தடை விலக ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. அவர் மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்த்தபடி, கிடைத்த திடல்களில் 1951 வரை ஆடினார். இங்கிலாந்தின் கால்பந்துப் புகழ்க்கூடத்தில் முதல் பெண்ணாக அவர் சேர்க்கப்பட்டது 2002இல்.

‘ஆகியிருக்கக்கூடியவர்கள்’ என்ற பட்டியலில் இவரைவிடத் தகுதியான பெயர் எது? சாம்பாவையும் சிகால்கோவையும் தடுத்தவை காயம், அழுத்தம், அதிர்ஷ்டமின்மை. லில்லி பாரைத் தடுத்தது ஒரு தீர்மானம். அந்தத் தீர்மானம் போட்ட நாட்டில்தான் இந்த விளையாட்டு பிறந்தது. பெண்களின் உச்சத்துக்கு எண் போட அதில் கட்டம் இல்லாதது தற்செயல் அல்ல.

ரசிகர் நினைவுகளில் பெண்ணே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சாப்பிடக் கூப்பிடும் அம்மாவாக வருகிறாள். ‘இன்னும் எத்தனை மணி நேரம்?’ என்று அறை வாசலில் நிற்கும் காதலியாக வருகிறாள். விவாகரத்துவரை போன மனைவியாக, ஒரு நகைச்சுவைத் துணுக்காக வருகிறாள். அவர்கள் ஆடிய அந்த நீண்ட இரவுகளில் வீட்டுக் காரியங்களை யார் பார்த்தார்கள் என்பது அந்தக் கதைகளின் விளிம்பில் தெரிகிறது. ஆணின் வாழ்க்கையை விளையாட்டு களவாடியது என்றால், அதன் மீதியைச் சுமந்தவளின் நேரம் எந்தக் கணக்கில் வரும்?

2021 ஜூலையில், பெண்கள் கால்பந்தைச் சேர்க்கப்போவதாகத் தயாரிப்பாளர்கள் அறிவித்தார்கள். அதற்கென்று திட்டமிட்ட 2025 பதிப்பு, அந்த ஆண்டு பிப்ரவரியில் முழுதாகக் கைவிடப்பட்டது. கடைசியில் 2025 நவம்பரில் வந்த ‘ஃபுட்பால் மேனேஜர் 26’இல் பெண்கள் இடம்பெற்றார்கள். முதல் பதிப்புக்கும் இதற்கும் இடையே 33 ஆண்டுகள். நான் இதை வரவேற்கிறேன். பாகிஸ்தானிலோ பிரேசிலிலோ பிரெஸ்டனிலோ ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் பெயருக்கு எதிரே யாரோ ஒருவர் பெரிய எண் ஒன்றை எழுதப்போகிறார். அதைப் படித்து இன்னொருவர் அவளை நம்பப்போகிறார். அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் அந்த எண்ணை எழுதும் கை பற்றிய கேள்வி முடிந்துவிடவில்லை. மொகோகோவையும் சாம்பாவையும் ரசிகர்கள் நேசித்தார்கள். கூடவே மலிவாக வாங்கி லாபத்துக்கு விற்றார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்த இரு கறுப்பினச் சிறுவர்கள் முன்பின் தெரியாதவர்களின் கனவுக்குச் சொத்தானார்கள். நிறைவேறாத அக்கனவின் சுமையை நிஜ வாழ்வில் சுமந்தவர்கள் அவர்கள் மட்டுமே. அந்த ஏட்டில் இனி பெண்களையும் பதிவது சமத்துவத்தின் முதல் படி. நாற்பதாண்டு கழித்து நினைவுகூரப்படும்போது, விலையாக அல்லாமல் ஆளாக நினைவுகூரப்படுவது அடுத்த படி. முதல் படிக்கே 33 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மாணவியரிடம் ஒரு வேலை கேட்பேன். கால்பந்தோ கவிதையோ சினிமாவோ, ‘எல்லாக் காலத்துக்குமான பத்து’ என்று ஒரு பட்டியல் கைக்கு வந்தால், பத்தில் பெண்கள் எத்தனை என்று எண்ணுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பத்தையும் எந்தக் குவியலிலிருந்து பொறுக்கினார்கள், அந்தக் குவியலைச் சேர்த்தவர் யார் என்று தேடிப் போங்கள். அங்கே ஒரு டோ மடெய்ரா சொகுசாக உட்கார்ந்திருப்பார். அவரை எழுப்பிவிட வேண்டாம். பக்கத்தில் லில்லி பாருக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.