கண்மாய்க் கரையே மலை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் சைக்கிளுக்கு வாய்த்த மேடு கண்மாய்க் கரைதான். நிலம் கிழக்கே சரிவதால், வரும் நீரை மறிக்கக் கரைகள் பிறைபோல் வளைந்து நிற்கின்றன. ஏறும்போது எழுந்து நின்று மிதிக்க வேண்டும். ஏறிவிட்டால் ஒருபுறம் உள்வாய், மறுபுறம் வயல், நடுவே ஒற்றையடித் தடம். மடை வந்தால் வேகத்தைக் குறைக்கணும். கலுங்கு வந்தால் இறங்கி உருட்டணும்.

கரிசல் மண் பருவத்துக்குப் பருவம் குணம் மாறும். ஐப்பசி மழையில் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தையே நிறுத்திவிடும். கோடையில் வெடிப்பு டயரைக் கவ்வும். அறுவடை முடிந்து தடம் இறுகிக் கிடக்கும் மாசிதான் தோது. சீமைக் கருவேல முள்ளுக்கு மட்டும் பருவமே கிடையாது. பஞ்சர் ஒட்டும் சாமான் பையில் இருக்கட்டும்.

திருச்சுழிக்குப் போய்ச் சேர்ந்தால் குண்டாறு, திருமேனிநாதர் கோயில், 1879இல் ரமணர் பிறந்த வீடு மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். இதற்கெல்லாம் விலை உயர்ந்த கியர் சைக்கிள் வேண்டியதில்லை. பால்கேனும் புல்லுக்கட்டும் சுமந்து இதே கரைகளில் ஏறி இறங்கிய பழைய சைக்கிள்களுக்குக் கியரே இருந்ததில்லை.